மூன்று முறை ஊதிய பிறகு

தம்பி,

கித்துல்கலையில் ரப்பர் படகு ஓட்டும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாய். திங்கட்கிழமைக்குள் ஆளுக்கொரு விசில் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள். எது நல்லது என்று அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று உன் அம்மாவிடம் போனில் சொன்னாயாம். இரண்டு வருடமாக நாம் நேராகப் பேசவில்லை, அதனால் நீ என்னை அழைக்காததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் வேறு எதைப் பற்றியும் கேட்காதவனுக்கு விசிலைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்க எப்படி மனம் வந்தது? பதில் எழுதுகிறேன். இதைப் போட்டோ எடுத்து அம்மாவின் போனிலிருந்து உனக்கு அனுப்புவேன். ஒரு பிரதியை மாதா கோயில் பலகையிலும் ஒட்டுவேன். "கோவத்துல செய்யிறீங்க" என்கிறாள் அம்மா. கோபம்தான். நீ என்னைப் பற்றிச் சொன்னதை ஊர் முன்னால் சொன்னாய். பதிலும் ஊர் படிக்கும் இடத்தில் இருக்கட்டும். இந்த ஞாயிறு பூசைக்குப் பிறகு நம் தோட்டத்து டிவிஷனில் மறுபடியும் லயத்துக்கு லயம், வீட்டு வரிசைக்கு ஒன்றாக, மண்சரிவு விசில் கொடுக்கப்போகிறார்கள். அதற்குள் நீ உன் பொய்யைத் திரும்ப எடுக்க வேண்டும். இந்தக் கடிதம் அதற்குத்தான்.

முதலில் விசில். கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உள்ளே உருண்டை இருக்கும் விசிலை வாங்காதே. விளையாட்டு மாஸ்டர் ஊதுவது, பஸ் கண்டக்டர் ஊதுவது, தேயிலை மலையில் வேலை வாங்கும் நம் கங்காணி ஊதுவது எல்லாம் அந்த வகைதான். தக்கை உருண்டை நனைந்தால் ஊறும், மணல் புகுந்தால் சிக்கும், பயத்தில் அளவுக்கு மேல் ஊதினால் ஒட்டிக்கொண்டு வெறும் காற்றுதான் வரும். உருண்டை இல்லாத, உள்ளே இரண்டு மூன்று அறைகள் உள்ள பிளாஸ்டிக் விசிலை வாங்கு. கடைக்காரன் முறைத்தாலும் பரவாயில்லை, ஒரு கோப்பைத் தண்ணீர் கேட்டு அதில் முக்கி எடுத்து உடனே ஊதிப் பார். முதல் மூச்சிலேயே சத்தம் வர வேண்டும், இரண்டாவது மூச்சு கிடைக்கும் என்று ஆற்றில் எவனும் உத்தரவாதம் தர முடியாது. பித்தளை வேண்டாம். படகு தூக்கிப்போடும்போது பல்லில் கடித்திருந்தால் பல் போகும். கறுப்பும் வேண்டாம், சேற்றில் விழுந்தால் தேட முடியாது. பெட்டியில் போட்டிருக்கும் டெசிபல் எண்ணை நம்பாதே, அதை அளந்த இடத்தில் களனி கங்கை ஓடவில்லை. தண்ணீரின் இரைச்சல் தடிமனானது, கீழ் சுருதி. அதைத் துளைத்துக்கொண்டு போக மெல்லிய, கூர்மையான, மேல் சுருதிச் சத்தம் வேண்டும். அக்கரையில் ஒருவனை நிறுத்தி, வெள்ளம் இரையும் இடத்திலிருந்து ஊதித்தான் அது தெரியும்.

கழுத்தில் மாட்டாதே. கிளை கயிற்றைப் பிடித்தால் உன் கழுத்தையும் சேர்த்துப் பிடிக்கும். சட்டைப் பையில் போடாதே. லைஃப் ஜாக்கெட்டின் தோள் பட்டையில், எந்தக் கையாலும் எட்டும் இடத்தில், வாய்க்கு எட்டும் அளவு மட்டும் நீளமான கயிற்றில் கட்டு. கன்னத்தை உப்பி ஊதாதே, வயிற்றிலிருந்து ஊது, ஒவ்வொரு ஊதலையும் நாக்கால் வெட்டி நிறுத்து. ஒன்று என்றால் என்னைப் பார், மூன்று என்றால் ஆபத்து என்றுதான் ஆற்றில் பெரும்பாலும் வைத்திருப்பார்கள். உன் கம்பெனியில் எப்படி என்று முதல் நாளே கேட்டுக்கொள். மூன்று ஊதியதும் நிறுத்து. கேள். ஒரு நிமிடம் போனதும் மறுபடி ஊது. ஊதுபவனின் காதில் அவனுடைய சத்தத்தைத் தவிர வேறு எதுவும் விழாது. யாராவது பதில் கொடுத்தாலும், கத்தினாலும், அழுதாலும் அவனுக்குத் தெரியாது. நடுவில் விடும் அந்த இடைவெளி ஊதுபவன் மூச்சு வாங்குவதற்காக இல்லை, கேட்பதற்காக. இதை உனக்குப் பதினாறு வயதில் நானே சொல்லிக்கொடுத்தேன். நினைவிருக்கும். தண்ணீர்த் தொட்டிப் பாறையில் நான் நின்றேன், ஓடைக்கு அந்தப் பக்கம் ரப்பர் மரங்களுக்குள் நீ போனாய். மூன்று வகை விசில் வைத்திருந்தேன். ஒவ்வொன்றாக ஊதினேன். கேட்டதும் கையைத் தூக்கு என்றேன். நீ தூரம் போகப் போக உன் சட்டை சின்னதாகிக்கொண்டே போனது, ஆனால் செம்மஞ்சள் விசிலுக்கு மட்டும் உன் கை கடைசி வரை மேலே வந்தது. நான் இருபது வயதில் தகப்பன் ஆனவன். எஹலியகொட டவுனில் நம்மை அண்ணன் தம்பி என்பார்கள். அன்றைக்கு எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இனி நீ செய்தது. படிப்பவர்களுக்கும் விளங்க வேண்டும், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். நான் இங்கே பெக்டரி மெக்கானிக். டவுன் டெக்னிக்கல் கொலேஜில் படித்தவன் என்பதால் மண்சரிவு எச்சரிக்கைக் கமிட்டியில் என்னைப் போட்டார்கள். திட்டம் நான் எழுதியது. தொட்டிப் பாறைக்கு மேலே மண் வெடித்தாலோ ஓடைத் தண்ணீர் திடீரென்று குறைந்தாலோ மூன்று விசில், எல்லோரும் மாதா கோயில் மேட்டுக்கு ஓட வேண்டும். கூட்டம் போட்டுச் சொன்னேன், லயச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினேன். இரண்டு வருடத்துக்கு முன் அந்த மழை நான்கு நாள் விடாமல் பெய்தது. நான்காம் நாள் பகல், பெக்டரிக்கு வரும் குழாயில் தண்ணீர் நின்றது. நீயும் நானும் மேலே போனோம். ஓடை பாதியாகி, தேத்தண்ணி நிறத்தில் ஓடியது. பாறைக்கு மேலே புல்லுக்குள் என் கை போகும் அளவுக்கு வெடிப்பு. நான் விசிலை எடுத்து மூன்று ஊதினேன். மறுபடி மூன்று. மறுபடி மூன்று. நீ திடீரென்று என் கையைப் பிடித்து இழுத்தாய். வாயைத் திறந்து ஏதோ கத்தினாய். எனக்குக் கேட்கவில்லை. பயந்துவிட்டான் என்று நினைத்து உன்னைத் தள்ளிவிட்டு ஊதிக்கொண்டே இருந்தேன். நீ மலையில் இறங்கி ஓடினாய். ஓடிவிட்டான் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் மண் இறங்கியது. லயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் பின்சுவரைத் தள்ளிக்கொண்டு போனது. உள்ளே நின்ற ரோசம்மா அக்காவுக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போய்விட்டது.

விசாரணைக்கு டவுனிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பெக்டரி ஒஃபிஸ் வாசலில் மேசை போட்டு ஒவ்வொருவராகக் கேட்டார், விசில் கேட்டதா என்று. கங்காணி கேட்கவில்லை என்றான். லயத்துக்காரர்கள் கேட்கவில்லை என்றார்கள். மண் சத்தத்தைக் கேட்டுத்தான் ஓடினோம் என்றார்கள். ஒருவர் இருவர் என்றால் மழை இரைச்சல் என்று விட்டிருப்பேன். எல்லோருமே சொன்னார்கள், எல்லோரும் ஒரே சொல்லில் சொன்னார்கள். எனக்குக் கவலை இல்லை, கடைசியில் நீ இருக்கிறாய், என் பக்கத்தில் நின்றவன். அதிகாரி உன்னைச் சிங்களத்தில் கேட்டார். நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நே சேர், எஹுனே நே." இல்லை சேர், கேட்கவில்லை. நான் "பொய்!" என்று கத்தினேன். அவர் பேனையை மூடிக்கொண்டு தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார், "ஒங்க மகனே சொல்றதுதானே, மெக்கானிக்." கை இரண்டையும் பின்னால் கட்டியிருந்தாய். ஓடைக்கு அந்தப் பக்கம் அவ்வளவு தூரத்திலிருந்து தூக்கிய கை.

அதற்குப் பிறகு நான் எப்படி வாழ்ந்தேன் என்று உனக்குத் தெரியாது, நீ மாமா வீட்டுக்குப் போய்விட்டாய். விசிலை வாங்கிக்கொண்டார்கள், கமிட்டியிலிருந்து எடுத்தார்கள். மேல் டிவிஷன் ஆட்கள் என்னைக் கண்டால் உதட்டைக் குவித்துச் சத்தமில்லாமல் ஊதிக் காட்டுவார்கள். பாண் கடையில் ஒருவன், "மெக்கானிக்குக்கு மூச்சு இழுப்பாம், ஊத முடியாதாம், பாவம்" என்றான். நம் லயத்துக்காரர்கள் மட்டும் கேலி செய்யவில்லை. பலாக்கொட்டைக் கறி வரும், கருவாட்டுக் குழம்பு வரும். குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்தேன். மூடியைத் திறக்காமலே திருப்பி அனுப்பினேன். பொய் சொன்ன கை சமைத்தது எனக்கு வேண்டாம் என்று ஒருமுறை வாசலில் நின்று சத்தமாகவே சொன்னேன்.

போன புதன்கிழமை ரோசம்மா அக்காவின் செயற்கைக் காலில் வார் பக்கிள் உடைந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். ஸ்குரூ டிரைவரும் குத்தூசியும் எடுத்துக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் விசில் கொடுக்கப்போகிறார்கள், அதே மூன்று ஊதல் என்று சுவரில் புது நோட்டீஸ் வந்திருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு எரிச்சல். பக்கிளைக் கழற்றிக்கொண்டே கேட்டேன்.

"இந்தத் தடவையாவது காது கேக்குமா அக்கா ஒங்களுக்கு?"

அக்கா சிரித்தார்கள். "அடேய் மெக்கானிக்கு, காது எனக்கு அன்னைக்கும் நல்லாத்தான் கேட்டிச்சு. கேட்டதாலதான் கால் போச்சு."

"என்ன சொல்றீங்க?"

"மூணு ஊதினா என்னா அர்த்தம்? சொல்லு பாப்போம்."

"ஆபத்து. கோயில் மேட்டுக்கு ஓடணும்."

"அது ஒன் நோட்டீசுல. எங்க மலையில மூணு ஊதினா கொழுந்து நிறுக்கணும். கங்காணிக்குத் தொண்டை போன நாள்ல இருந்து விசிலுதான். ஒண்ணுன்னா வேலை தொடங்கு, ரெண்டுன்னா தேத்தண்ணி, மூணுன்னா மடுவம். மழைன்னு நேரத்தோட கொழுந்த நிறுத்துட்டு வீட்டுக்கு அனுப்பப் போறானுங்கன்னு எம்புட்டு சந்தோசமா எறங்கி ஓடுனோம் தெரியுமா? அன்னைக்கும் நாந்தான் மொத ஆளு."

அவர்கள் நிறுத்தவில்லை. "ஒம் மகன் இல்லாட்டி இருபது பொம்பளையும் அங்கதான் நின்னிருப்போம். மேலருந்து உருண்டு பொரண்டு வந்தான், மடுவத்துக்குப் போவாதீங்க, போவாதீங்கன்னு கத்திக்கிட்டே. மத்தவங்க திரும்பிட்டாங்க. நான் கேக்கல. தராசுகிட்ட எடம் போயிருமேன்னு நின்னேன். அந்தப் புத்திக்கு இந்தக் கால்."

"அப்புறம் ஏன் எல்லாரும் கேக்கலன்னு சொன்னீங்க?"

"ஒம் மகன்தான் அழுதுகிட்டு வீடு வீடா வந்தான். ஊதலன்னா அப்பாவுக்குக் கெட்ட பேரு மட்டும்தான், ஊதித்தான் ரோசம்மா கால் போச்சுன்னா பொலிஸுல புடிச்சிருவாங்கன்னான். ஆஸ்பத்திரிக்கும் வந்தான். நானும்தான் கேக்கலன்னு எழுதிக் குடுத்தேன். என்னா பண்ண, சத்தியம் வாங்கிட்டான்."

அந்த வாரைப் பாதியில் போட்டுவிட்டு எழுந்து வந்தேன். மறுநாள்தான் போய் முடித்துக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியும். அவளும் அன்று அந்த மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள், நீ திருப்பி அனுப்பிய கூட்டத்தில் ஒருத்தி. இரண்டு வருடம் ஒரே அடுப்பில் சாப்பிட்டோம், ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் என்றேன். "முன்னாடி சொன்னப்ப கேட்டீங்களா?" என்றாள். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. திட்டம் எழுதிய நாள், மேசையில் பேப்பரை விரித்து வைத்திருந்தேன். "இந்தாங்க, மூணு ஊதுறதுன்னா மலையில..." என்று அவள் தொடங்கினாள். "நீ சும்மா இரு, இது ஒலகம் பூரா உள்ள முறை" என்றேன் நான். "ஒலகத்துக்கு நம்ம கங்காணியத் தெரியுமா?" என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனாள். கூட்டத்தையும் வேலை நாள் பகலில்தான் வைத்தேன், எனக்கு அந்த நேரம்தான் வசதி. வந்தவர்கள் எல்லாம் ஆம்பிளைகள். மலையில் இருந்த ஒருத்திக்கும் அந்தத் திட்டம் போய்ச் சேரவில்லை. நான் பெக்டரிக்காரன், எனக்குச் சங்குதான் நேரம். நாற்பது வருடம் ஆகப்போகிறது இந்தத் தோட்டத்தில் பிறந்து, பத்து நிமிட நடையில் இருக்கும் மலையில் விசில் எதைச் சொல்கிறது என்று தெரியாமல் இருந்திருக்கிறேன். மூன்று ஊதி நிறுத்து, கேள் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் அன்று நிறுத்தவும் இல்லை. நிறுத்தியிருந்தால், பெண்கள் மடுவத்துக்கு இறங்குகிறார்கள் என்று நீ கத்தியது கேட்டிருக்கும். அக்காவின் கால் என் கணக்குத்தான். அதை அவர்கள் முன்னால் சொல்லிவிட்டேன், இங்கேயும் எழுதிவிட்டேன்.

ஆனால் இதைச் சொன்னதால் நீ செய்தது சரி என்று ஆகாது. என்னைக் காப்பாற்றினாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் அப்படி நினைக்கவில்லை. செய்த பிழையைத் தெரிந்துகொள்ளும் உரிமைகூட எனக்கு இல்லையா? நீ, அம்மா, அக்கா, கங்காணி, மொத்த லயமும் சேர்ந்து என்னை ஒரு சின்னப் பிள்ளைபோல வைத்திருந்தீர்கள். நான் உங்களைப் பொய்யர்கள் என்று திட்ட, நீங்கள் குழம்பு அனுப்பினீர்கள். உன்னைக் கோழை என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! இருபது பேரைத் திருப்பி அனுப்பியவனைக் கோழை என்று சொல்ல வைத்தாய். அதற்கு உன்னை மன்னிக்க இன்னும் எனக்கு மனம் வரவில்லை. பயந்திருந்தால் என்னிடம் வந்து சொல்லியிருக்க வேண்டும். பொலிஸுக்குப் போவதா வேண்டாமா என்று நான் முடிவு செய்திருப்பேன்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை டவுனுக்குப் போய் அந்த அதிகாரியைப் பார்த்தேன். மூன்று ஊதல் இந்த மலையில் கொழுந்து நிறுக்க வா என்று அர்த்தம், மாற்றுங்கள் என்றேன். நீளமாக, இடைவிடாமல், மாதா கோயில் மணியோடு சேர்த்து வைக்கலாம், அதைப் பெண்களிடம் கேட்டு, அவர்கள் வேலை செய்யும் மலையிலேயே ஊதிப் பார்த்து முடிவு செய்யலாம் என்றேன். அவர் பைலைத் திறந்து காட்டினார். "விசில் ஊதல்லன்னுதான் இதுல இருக்கு மெக்கானிக். ஊதாத விசில்ல என்ன பிழை?" உன் பொய் இப்போது அரசாங்கத் தாளில் இருக்கிறது. அதன்படி திட்டம் சரி, ஆள்தான் பிழை. அதனால் வேறு ஆளிடம் அதே திட்டம். அடுத்த மழையில் எவனோ ஒருவன் ஒழுங்காக மூன்று ஊதுவான், உன் அம்மா கூடையோடு மடுவத்துக்கு ஓடுவாள். திருப்பி அனுப்ப நீ அங்கே இருக்கமாட்டாய், ஆற்றில் இருப்பாய்.

லயத்தில் ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை எழுந்து உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். கங்காணிகூடத் தலையைச் சொறிந்துகொண்டு, "தம்பி வந்து சொன்னா சொல்றோம். அவனுக்குத்தானே சத்தியம் பண்ணிக் குடுத்தோம்" என்கிறான். எனக்காக உன்னிடம் கொடுத்த வாக்கை, எனக்காக உடைக்கமாட்டார்களாம். இப்படிப்பட்ட ஆட்களிடம் நான் என்ன பேச? நீ வந்தால்தான் அவர்கள் வாய் திறக்கும்.

உன் வேலைக்கு இன்னும் ஒன்றே ஒன்று. படகு கரையை விட்டுப் போகும் முன் உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரிடமும் கேள், விசில் சத்தம் கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று. நீ சொல்வதற்கு முன் கேள். கொழும்பிலிருந்து வந்தவன் பொலிஸ் வண்டியை நிறுத்தச் சொல்கிறான் என்று திரும்பிப் பார்ப்பான், பள்ளிக்கூடப் பிள்ளை ஆட்டம் முடிந்தது என்று துடுப்பைக் கீழே வைக்கும். அவர்களுக்கு அது ஏற்கெனவே என்னவாக இருக்கிறது என்று தெரியாமல் நீ ஊதினால், எவ்வளவு நல்ல விசிலாக இருந்தாலும் என்னைப்போலத்தான் ஊதுவாய்.

விசில் வாங்கிவிட்டேன். செம்மஞ்சள், உருண்டை இல்லாதது. வாளித் தண்ணீரில் முக்கி இருபது தடவை ஊதிப் பார்த்தேன், பக்கத்து வீட்டு நாய் இன்னும் என்னோடு கோபம். கயிறும் அளந்து கட்டிவிட்டேன். அம்மாவிடம் கொடுத்தனுப்பமாட்டேன், பஸ்ஸில் போட்டும் விடமாட்டேன். உனக்குத் திங்கட்கிழமை வேண்டும், அது ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் மண்டபத்தில் என் சட்டைப் பையில் இருக்கும். வந்து வாங்கிக்கொள்.

அதிகாரி நோட்டீஸ் வாசித்து முடித்ததும் நான் எழுந்து, அந்த விசிலில் மூன்று ஊதுவேன். இந்தத் தடவை நிறுத்துவேன். இரண்டு வருடத்துக்கு முன் இதே சத்தம் கேட்டவர்கள் யார் என்று கேட்பேன். நீ ஒன்றும் பேச வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம், அதற்கு எனக்கும் உனக்கும் இன்னும் நாள் ஆகும். எவ்வளவு பின்னால் நின்றாலும் சரி. கேட்டிருந்தால் கையைத் தூக்கு.

விசில் ஊதிய உன் அப்பா